நள்ளிரவுக்குப் பிறகு தண்டவாளம் யாருக்கு?

லண்டன் சுரங்க ரயிலில் 'ஃப்ளஃபர்' என்று ஒரு வேலை உண்டு. கடைசி வண்டி போய், இரவு ஒரு மணி வாக்கில் லைனில் கரண்டை நிறுத்திய பிறகுதான் இவர்களுக்குப் பொழுது விடியும். துடைப்பமும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் நடந்துபோய், தண்டவாளத்துக்கு அடியிலும் சுவரோரத்திலும் சேர்ந்திருப்பதைக் கூட்டி அள்ள வேண்டும். பயணிகளின் தலைமுடி, உதிர்ந்த தோல், துணியிலிருந்து பிரிந்த நூல், தூசி என எல்லாவற்றையும் ரயில் கிளப்பும் காற்று இழுத்துப்போய் அழுக்குப் பஞ்சு மாதிரி உருட்டி வைத்திருக்கும். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் விட்டுவைக்க முடியாது. அங்கே மின்சாரம் தலைக்கு மேல் கம்பியில் போவதில்லை, காலடியில் தனித் தண்டவாளத்தில் போகிறது. ஆகவே உள்ளே போன ஆட்களும் கருவிகளும் மிச்சமில்லாமல் வெளியே வந்த பிறகுதான் மறுபடி கரண்ட் கொடுப்பார்கள்.

"ஊரே விழித்திருக்கிறது, சென்னை மெட்ரோ மட்டும் ஏன் 11 மணிக்குக் கடையைக் கட்டுகிறது?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இராத்திரி முழுக்க ரயில் விடுவதில் காசு, ஆள், கூட்டம், பாதுகாப்பு என்று ஆயிரம் கணக்கு உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வருவது, அந்த ஊரில் ஒரு திசைக்கு எத்தனை தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி. ஒன்றுதான் என்றால், அதில் ரயில் போகலாம், இல்லை ஆள் இறங்கி வேலை செய்யலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. இந்தச் சிக்கலை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்திருக்கிறது.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது நியூயார்க்கை. 1904 அக்டோபர் 27இல் திறந்தது, 472 நிலையங்கள், இரவு பகல் பாராமல் ஓடுகிறது. இதன் ரகசியம் அந்தக் காலத்திலேயே மன்ஹாட்டனின் முக்கியப் பாதைகளில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு தண்டவாளம் போட்டதில் இருக்கிறது. இரண்டில் எல்லா நிலையத்திலும் நிற்கும் லோக்கல், மற்ற இரண்டில் பாதி நிலையங்களைத் தாண்டிப் பறக்கும் எக்ஸ்பிரஸ். இரவில் இந்த ஏற்பாட்டைச் சுருக்கிவிடுவார்கள். பகலில் எக்ஸ்பிரஸாக ஓடும் ஏ வண்டி, நள்ளிரவுக்குப் பின் லோக்கலாக மாறி எல்லா நிலையத்திலும் நிற்கும். சி வண்டி ஓடவே ஓடாது. வண்டிக்கு வண்டி சுமார் 20 நிமிடம். காலியாகக் கிடக்கும் தண்டவாளங்களில் பழுது பார்ப்பவர்கள் இறங்கிவிடலாம்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு தண்டவாளம் எல்லா இடத்திலும் இல்லை. மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் ஆற்றுக்கு அடியில் இணைக்கும் எல் லைன் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழாய், குழாய்க்கு ஒரு தண்டவாளம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து கேபிள்களையும் சுவர்களையும் அரித்துவிட்டது. சரிசெய்ய 15 மாதம் முழுசாக மூட வேண்டும் என்று முடிவானது. அந்த லைனை நம்பிக் குடியிருந்தவர்களில் சிலர் வீடு மாறவே தொடங்கிவிட்டார்கள். 2019 ஏப்ரலில் மூடவேண்டிய சுரங்கம். அந்த ஜனவரியில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ புகுந்து திட்டத்தை மாற்றினார். இரவிலும் வார இறுதியிலும் ஒரு குழாயை மட்டும் மூடி, மற்றதில் இரண்டு திசை வண்டிகளையும் மாற்றி மாற்றி விட்டு, 2020 ஏப்ரலில் வேலையை முடித்தார்கள். அந்த ஓராண்டு முழுக்க எல் லைனின் இரவு, வார இறுதிப் பயணம் 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று ஆனது.

இதைத்தான் நியூயார்க் தினமும் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறது. ஓடும் வண்டிகளுக்கு நடுவே வேலை செய்வது மெதுவாகவும் ஆபத்தாகவும் இருப்பதைப் பார்த்து, 2012இல் 'ஃபாஸ்ட்ராக்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு லைனின் ஒரு பகுதியை வார நாட்களில் இரவு 10 முதல் காலை 5 வரை சில நாட்களுக்கு அடியோடு மூடி, மொத்தமாக ஆட்களை இறக்குவது. அதாவது 24 மணி நேர ரயில் என்று பெயர் வைத்திருக்கும் ஊரே, வேலை ஆக வேண்டும் என்றால் மூடத்தான் செய்கிறது. எங்கே, எப்போது என்பது மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வார இறுதியில் நிலையத் தூண்களில் ஒட்டியிருக்கும் மாற்றுப்பாதை நோட்டீஸைப் படிக்கத் தெரிந்தவர்தான் அங்கே உண்மையான உள்ளூர்க்காரர்.

அந்த நிர்வாகத்துக்கு நிறுத்திப் பழக்கமே இல்லை என்பதற்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 2015 ஜனவரியில் பனிப்புயலுக்குப் பயந்து சுரங்க ரயிலை மூடுவதாக அறிவித்தார்கள். பயணிகளுக்குத்தான் மூடினார்கள், பனி படியாமல் இருக்கக் காலி வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. கொரோனா காலத்தில், 2020 மே 6 முதல், சுத்தம் செய்வதற்கென்று இரவு 1 முதல் 5 வரை மூடினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் அதை 2 முதல் 4 வரை என்று குறைத்து, 2021 மே 17இல் பழையபடி முழு இரவும் திறந்துவிட்டார்கள்.

நியூயார்க்கோடு ஒப்பிட்டால் கோபன்ஹேகன் குட்டி ஊர். 2002இல் மெட்ரோ திறந்து, 2009இலிருந்து எல்லா நாளும் இரவு முழுக்க ஓட்டுகிறார்கள். இத்தனைக்கும் இரண்டே தண்டவாளம்தான். இரவில் ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பராமரிப்புக்கு விட்டுவிட்டு, மற்ற பக்கத்தில் இரண்டு திசை வண்டிகளையும் விடுகிறார்கள். அதற்கு ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இணைப்புகள் தேவையான இடத்தில் இருக்க வேண்டும், சிக்னல் எந்தத் திசைக்கும் ஒத்துழைக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாத வண்டி என்பதால் இராத்திரி டூட்டிக்கு ஓட்டுநர் தேடும் தலைவலியும் இல்லை. 2019இல் திறந்த வட்டப்பாதை 17 நிலையங்கள் கொண்டது, ஒரு சுற்றுக்கு 24 நிமிடம்தான். பாதை சின்னதாக இருக்கும்போது ஒற்றைத் தண்டவாளத்தில் காத்திருப்பது பெரிதாகத் தெரியாது. 50 கிலோமீட்டர் நீளம், பல கிளைகள் என்று போனால் இந்த வித்தை எவ்வளவு தூரம் எடுபடும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

சிகாகோ நடுவில் நிற்கிறது. அங்கே சிவப்பு, நீலம் என்ற இரண்டு லைன் மட்டும் இரவு முழுக்க ஓடும், மற்றவை தூங்கும். அந்த ஊரில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2013இல் சிவப்பு லைனின் தெற்குப் பகுதியைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் நான்கு வருடம் இழுக்கும், முழுசாக மூடினால் ஐந்தே மாதம் என்று கணக்குப் போட்டு, மூடியே விட்டார்கள். மே மாதம் மூடியது அக்டோபரில் திறந்தது. பல்லைப் பிடுங்குகிற மாதிரி, ஒரேயடியாக.

வாஷிங்டன் கதை இதற்கு நேர் எதிர். அந்த மெட்ரோ முழுக்க இரண்டு தண்டவாளம். 2003இலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் அதிகாலை 3 மணி வரை ஓட்டினார்கள். வாரத்துக்கு இரண்டு இரவு, சில மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் பழுதுபார்க்கும் நேரத்திலிருந்துதான் அது கழிந்துகொண்டிருந்தது. 2015 ஜனவரியில் ஒரு சுரங்கத்தில் மின்கோளாறால் புகை சூழ்ந்து, ரயிலுக்குள் சிக்கியவர்களில் ஒருவர் இறந்தார். 2016 மார்ச்சில் மறுபடி கேபிள் எரிந்ததும், சோதனைக்காக மார்ச் 16 அன்று மொத்த மெட்ரோவையும் வேலை நாளில் மூடினார்கள். அந்த ஜூனில் பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது முதலில் கைவைத்தது அந்தப் பின்னிரவு ரயிலில்தான். இரவு ரயில்தான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் பாக்கி சேர்ந்துவிட்டால் வசூலிக்க வருவது இரவு நேரத்திடம்தான்.

இப்போது லண்டன். தினமும் வேண்டாம், வெள்ளி சனி மட்டும் போதும் என்று முடிவெடுத்த ஊர். 'நைட் டியூப்' என்ற இந்த இரவுச் சுரங்க ரயில் 2015 செப்டம்பரில் தொடங்கவேண்டியது. இரவு வேலைக்குச் சம்பளம் எவ்வளவு, ஓய்வு எப்படி என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. அந்தக் கோடையில் இரண்டு தடவை வேலைநிறுத்தம் நடந்து மொத்த ஊரும் நடந்துபோனது. இரவு வண்டிக்கென்றே பகுதிநேர ஓட்டுநர்களைத் தனியாக எடுத்த பிறகு, 2016 ஆகஸ்ட் 19 இரவு சென்ட்ரல், விக்டோரியா லைன்களில் முதல் வண்டி கிளம்பியது. ஆண்டு முடிவதற்குள் ஜூபிலி, நார்தர்ன், பிக்காடில்லி சேர்ந்துகொண்டன. ஐந்தோடு சரி. அந்த ஐந்திலும் நார்தர்ன் லைன் இரவில் சாரிங் கிராஸ் வழியாக மட்டுமே போகும், பேங்க் நிலையம் வழியாகப் போகும் கிளை கிடையாது. மற்ற ஐந்து இரவும் ஃப்ளஃபர்களுக்கும் தண்டவாளக் குழுவுக்கும்.

நிர்வாகக் கணக்கில் பார்த்தால் இது கெட்டிக்கார ஏற்பாடு. எனக்குள்ள குறை வேறு. வெள்ளி, சனி என்று நாள் குறித்த உடனேயே, இந்த ரயிலை யாரை மனதில் வைத்து விடுகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. நாடகம் பார்த்து, நண்பர்களோடு சாப்பிட்டு, கடைசியாக ஒரு கோப்பையும் முடித்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு. செவ்வாய்க்கிழமை அதிகாலை 3 மணிக்கு அலுவலக மாடிகளைக் கூட்டித் துடைக்கக் கிளம்பும் அம்மாவுக்கு அன்றைக்கும் பஸ்தான். வியன்னாவிலும் இதே கதை. 2010இல் ஊர் மக்களிடம் ஓட்டெடுப்பே நடத்தி, அந்தச் செப்டம்பரிலிருந்து வார இறுதி இரவுகளில் சுரங்க ரயில் விட்டார்கள். மக்கள் கேட்டு வந்ததுதான், ஆனாலும் அதே இரண்டு இரவு.

சரி, மீதி ஐந்து இரவுக்கு என்ன? இதற்கு நான் பார்த்ததில் நேர்மையான பதில் பெர்லினுடையது. அங்கேயும் வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் பெரும்பாலான லைன்களில் 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடுகிறது. வார நாட்களில் நள்ளிரவைத் தாண்டி ஒரு மணி வாக்கில் நின்றுவிடும். ஆனால் நின்ற இடத்திலிருந்து பஸ் எடுத்துக்கொள்கிறது. யூ2 ரயில் நின்றால் என்2 பஸ். யூ8 நின்றால் என்8. பாதை கூடியவரை ரயில் பாதையை ஒட்டியே போகும், எண்ணும் அதே எண். 30 நிமிடத்துக்கு ஒன்று என்றாலும், நேரம் பார்த்து வந்தால் போதும். பகலில் யூ8இல் போகிறவர் இரவில் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதோடு முக்கியமான டிராம் பாதைகள் இரவு முழுக்க ஓடுகின்றன. சுரங்கம் ஐந்து இரவும் பழுது பார்ப்பவர்கள் கையில், பயணியும் தெருவில் நிற்கவில்லை.

டோக்கியோவும் பஸ்ஸை முயன்று பார்த்தது. 2013 டிசம்பரில் ஷிபுயாவுக்கும் ரொப்போங்கிக்கும் இடையே இரவு முழுக்க ஒரு பஸ் விட்டு, ஆள் ஏறாததால் ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அது தோற்றதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. இரண்டு கேளிக்கைப் பகுதிகளுக்கு நடுவே மட்டும் பஸ் விட்டால், வீட்டுக்குப் போக வேண்டியவர் எதற்கு அதில் ஏறுவார்? பஸ் என்பதோடு பெர்லின் சேர்த்துக் கொடுத்தது, வீடு வரைக்குமான முழுப் பாதையை.

சிங்கப்பூரின் எம்ஆர்டி மெட்ரோ இரவில் ஓட்டும் ஆசையே வைத்துக்கொள்ளவில்லை. அங்கே இரவில் வேலை செய்யக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அதுவும் போதாமல் 2017 டிசம்பரில் கிழக்கு மேற்குப் பாதையின் ஒரு பகுதியை வார இறுதிகளில் சீக்கிரம் மூடித் தாமதமாகத் திறந்தார்கள்.

நம் சென்னைக்கு வருவோம். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிகிறது. 2019இல் தமிழக அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. அப்போதிலிருந்தே "அப்போ மெட்ரோ?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஓட்டுநர் இல்லாத வண்டிகளோடு வரும் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தைக் காட்டி, கோபன்ஹேகன் மாதிரி செய்துவிடலாமே என்கிறார்கள் சிலர். ஓட்டுநர் இல்லாதது பாதி வசதிதான். இங்கேயும் திசைக்கு ஒரு தண்டவாளம்தானே.

இரவில் யாருக்கு வண்டி வேண்டும் என்று ஒரு நடை பார்த்தாலே தெரியும். ஐடி கம்பெனி ஆட்களுக்குக் கம்பெனி கேப் வந்துவிடும். கோயம்பேட்டில் லாரியிலிருந்து காய்கறி மூட்டை இறக்குபவர், ஆஸ்பத்திரி வார்டில் ஷிஃப்ட் முடிந்த ஆயாம்மா, ஏடிஎம் வாசலில் காவல் இருக்கும் பெரியவர், நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கிப் பெட்டியோடு நிற்பவர், 4 மணிக்கே சென்ட்ரலுக்குள் நுழைந்துவிடும் ரயிலில் வந்தவர். கடைசி ஆளுக்கு, "எங்க சார் போணும்?" என்று நான்கு பக்கமும் சூழ்கிற ஆட்டோக்காரர்களில் ஒருவர் சொல்கிற ரேட்தான் அந்த நேரத்துக் கட்டணம்.

என் ஓட்டு பெர்லினுக்கு. இரவு பஸ் சென்னைக்குப் புதிது இல்லை. நீல லைனுக்கு ஒன்று, பச்சை லைனுக்கு ஒன்று என்று இரண்டே தடம், விம்கோ நகர் முதல் விமான நிலையம் வரை, சென்ட்ரல் முதல் பரங்கிமலை வரை, மெட்ரோ நிலைய வாசல் ஒவ்வொன்றிலும் நிறுத்தம், அரை மணிக்கு ஒரு வண்டி. மெட்ரோ அட்டையைத் தேய்த்தால் ஏறிக்கொள்ள முடிய வேண்டும். அப்புறம் அந்த நிறுத்தத்தில் நல்ல வெளிச்சம் வேண்டும், 11 மணிக்கு ஷட்டரை இறக்குகிறவர் போகும்போது அணைத்துவிட்டுப் போகாத வெளிச்சம்.