நுவரெலியா பேல் பஜார்: வேலை அனுமதி வரும்வரை தாங்க வேண்டிய உடுப்பு

நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்துபோகிற தூரம்தான் பேல் பஜார். ஒருவர் நின்று பேரம் பேசினால் பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டிய ஒடுக்கமான வழி. இரண்டு பக்கமும் கூரை முட்டத் தொங்கும் ஜக்கெட், ஸ்வெட்டர், தொப்பி, கையுறை. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வந்து, இரவுக் குளிருக்குப் பயந்து ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே எந்தக் கடையும் நல்ல கடைதான். இந்த மதிப்பீடு அவர்களுக்காக எழுதப்படவில்லை. ஹட்டன், தலவாக்கலை, வெலிமடைப் பக்கங்களிலிருந்து டிக்கெட் தேதியோடு வந்து, "லண்டனுக்குப் போறார், கனடாவுக்குப் போறா, என்ன வாங்கலாம்?" என்று கேட்கும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உடம்போடு ஒட்டிப் போடும் உள்ளுடுப்பு, ஃபிளீஸ், மழை ஜக்கெட், மேஸ் (காலுறை) இவற்றை நுவரெலியாவில் வாங்குங்கள். தரத்துக்கு இந்த விலை வேறெங்கும் கிடைப்பது கஷ்டம். பனிக்காலத்துப் பெரிய மேலங்கியையும் சப்பாத்தையும் போன ஊரில் வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய ஜக்கெட் ஒன்றுக்கு இங்கே காசைக் கொட்டிவிட்டு, உள்ளே போட பருத்தி பனியனோடு விமானம் ஏறுகிறார்கள்.

உடுப்பில் இவ்வளவு கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. போய் இறங்கிய உடனே சம்பளம் வருவதில்லை. பிரித்தானியாவில் புகலிடம் கோரியவருக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. 12 மாதம் கடந்தும், அவர் பக்கத்துத் தவறு எதுவும் இல்லாமல் முடிவு வராமல் இருந்தால்தான் வேலை அனுமதி கேட்டு எழுதவே முடியும். கிடைத்தாலும் அரசு பட்டியலிட்ட வேலைகள் மட்டும்தான். சமைத்துச் சாப்பிடும் தங்குமிடத்தில் இருப்பவருக்கு 2024இல் வாரத்துக்கு 49.18 பவுண் கொடுத்தார்கள். சாப்பாடு, சவர்க்காரம், பஸ் காசு, போன் எல்லாம் அதற்குள்தான். பிரான்ஸில் 6 மாதமாகியும் முடிவு வராவிட்டால்தான் வேலைக்கு விண்ணப்பிக்க வழி. கனடாவில் புகலிடக் கோரிக்கையோடு சேர்த்தே வேலை அனுமதியையும் கேட்கலாம், ஆனால் மருத்துவப் பரிசோதனை முடியாமல் அது கைக்கு வராது. விசிட் விசாவில் போய் அங்கிருந்தே ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்ட மனைவியோ கணவரோ கூட, எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் திறந்த வேலை அனுமதி வரும்வரை ஒரு மணிநேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது.

ஆக, ஒக்டோபரில் போய் இறங்குகிறவருக்கு முதல் குளிர்காலம் முழுவதும் கைக்காசு இல்லாத காலத்தில்தான் விழுகிறது. அந்த மாதங்களில் ஆள் காரில் போவதில்லை. நடக்கிறார், பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார், அலுவலக வாசலில் வரிசையில் நிற்கிறார், மொழி வகுப்புக்கு மழையில் போய் வருகிறார். லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் சொந்தக்காரர் இருந்தாலும், அரசு தங்குமிடம் எடுப்பவருக்கு ஊரைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. கிளாஸ்கோவுக்கோ மிடில்ஸ்பரோவுக்கோ அனுப்பலாம். அங்கே குளிரை விட மழையும் காற்றும்தான் ஆளை அடிக்கும்.

மலையகத்து ஆளுக்கு ஒரு தப்புக் கணக்கு உண்டு. "நுவரெலியாக் குளிரையே பார்த்தாச்சு" என்பது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி பிடிக்கும், எல்லாம் உண்மை. ஆனால் இங்கே பத்து மணி வெயிலில் குளிர் இறங்கிவிடும். லண்டனில் டிசம்பர் நடுவில் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். நாள் முழுக்கக் குளிர் இறங்காது. இங்கே இரண்டு மணிநேரம் தாங்க வேண்டிய உடுப்பு அங்கே பன்னிரண்டு மணிநேரம் தாங்க வேண்டும்.

இனிக் கடைக்குள் போகலாம். பேல் என்றால் கட்டு. நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும் கழித்ததும் கட்டுக்கட்டாக வந்து பிரிபடும் இடம் இது. "அக்கா, எக்ஸ்போர்ட் பீஸ்" என்று கடைக்காரர் சொன்னால் பல நேரம் அது உண்மைதான். கேட்க வேண்டியது அது ஏன் கழிக்கப்பட்டது என்பதை. நிறம் ஒரு கையில் சற்றுக் கூடியிருந்தாலும் கழிப்பார்கள், மெஷின் எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும் கழிப்பார்கள். அந்தக் குறைகளால் குளிர் உள்ளே வராது, வாங்கலாம். தையல் விட்டிருந்தால், சிப் பல் தவறியிருந்தால், ஒரு கை நீளம் மறு கை குட்டை என்றிருந்தால் விடுங்கள். உள்ளூரிலேயே மலிவாகத் தைத்து, மேலே பெரிய பெயரை ஒட்டிய ஜக்கெட்டுகளும் அதே வரிசையில் தொங்கும். நெஞ்சில் பெயர் பெரிதாக இருந்தால், உள்தையலை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

லேபலை வெட்டிவிட்டுத்தான் பல உருப்படிகள் வரும். அதோடு இது என்ன நூல், எத்தனை பாகையில் கழுவலாம் என்ற விபரமும் போய்விடும். அதற்கு ஒரு வழி: உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் அல்ல, துணியின் ஓரத்திலிருந்தே ஒரு இழையை உருவி, கடைக்கு வெளியே வந்து தீப்பெட்டியில் கொளுத்துங்கள். உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணிபோல் இறுகினால் பொலியெஸ்டர். கடதாசிபோல் எரிந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. தலைமுடி கருகும் மணம் அடித்து, தானாக அணைந்தால் கம்பளி நூல். தையல் நூலைக் கொளுத்தினால் எல்லாமே பொலியெஸ்டர் என்றுதான் காட்டும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்தச் சோதனையின் பலன் உள்ளுடுப்பில் தெரியும். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டுத் தரிப்பிடத்தில் நின்றால், ஈரப் பனியன் முதுகில் ஒட்டி உடம்புச் சூட்டை இழுக்கும். பொலியெஸ்டரோ கம்பளி நூலோ அப்படிச் செய்யாது. பேல் கடைகளில் உடற்பயிற்சிக்கென்று தைத்த, உடம்பைப் பிடிக்கும் நீளக்கை டீ-ஷேர்ட்டும் லெகிங்ஸும் குவிந்து கிடக்கும். வெளிநாட்டுக் கடையில் "தேர்மல்" என்று விற்பதற்கும் இவற்றுக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளுக்கு மூன்று செட் போதும்: ஒன்று உடம்பில், ஒன்று கழுவி, ஒன்று காய்வதில். தங்குமிட அறையில் வெயில் கிடையாது. பொலியெஸ்டர் இரவோடு காயும், பருத்தி இரண்டு நாள் தொங்கி, அறைச் சுவரில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

ஃபிளீஸ் வாங்கும்போது உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். இருபது தடவை தேய்த்ததும் சிறு உருண்டைகள் எழும்பினால் ஒரு குளிர்காலம்கூட வராது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துணி வலைபோல் தெரியக்கூடாது. ஒரு தடித்த ஃபிளீஸை விட இரண்டு மெல்லியது நல்லது. உள்ளே ஹீட்டர் இருக்கும் இடத்தில் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

மழை ஜக்கெட்டுக்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். முதலில் துணியில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் போனால் அது காற்றைத் தடுக்காது. அடுத்தது உள்தையல். தோள், தலைமூடி இரண்டிலும் தையல் மேல் விரல் அகல நாடா ஒட்டியிருக்க வேண்டும். நாடா இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு பீலிதான். போத்தலில் தண்ணீர் கொண்டுபோய், அனுமதி கேட்டு, ஜக்கெட் கையின் ஒரு பகுதியைக் குழிபோல் பிடித்துக் கொஞ்சம் ஊற்றி, ஐந்து நிமிடம் வைத்துக் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள். மேல்துணி நனைவது பரவாயில்லை, உள்ளே ஈரம் வரக்கூடாது. நல்ல பொருள் வைத்திருக்கும் கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பெரிய ஆபத்து பழைய கையிருப்பு. மழை ஜக்கெட்டின் உள்பக்கம் பூசியிருக்கும் பொலியூரித்தேன் படலம், போடாமலே வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் சிதையும். நுவரெலியா ஈரத்தில் கட்டுக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். உள்பக்கத்தைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை வரும், நகத்தால் கீறினால் செதில் உதிரும். வெளியே புத்தம் புதிதாகப் பளபளக்கும் ஜக்கெட், மூன்றாவது மழையில் வெறும் துணியாகிவிடும். தலைமூடியின் உள்மடிப்பிலும் பைக்குள்ளும் தடவிப் பாருங்கள், சிதைவு அங்கேதான் முதலில் தெரியும்.

பஞ்சு ஜக்கெட்டுகள்தான் பஜாரின் முகப்பு. தொங்கவிட்டால் கவர்ச்சி. ஆனால் டொரண்டோவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கு இறங்கும் நாட்களுக்கு இவை போதாது. இடுப்போடு நிற்கும், தொடை திறந்திருக்கும், தலைமூடி முகத்தை மூடாது. "ஒரிஜினல் இறகு" என்றால் கசக்கிப் பிடித்து விடுங்கள். மெல்ல மெல்ல ஊதி எழும்பினால் இறகாக இருக்கலாம், அப்படியே சப்பையாக இருந்தால் நல்ல இறகு இல்லை. இறகானாலும் நனைந்தால் சுருண்டு ஒன்றுக்கும் உதவாது, ஆகவே கிளாஸ்கோ மழைக்கு அது பொருந்தாது. கனடாவில் வெலியூ வில்லேஜ், சால்வேஷன் ஆர்மி போன்ற பழைய பொருள் கடைகளிலும், பிரித்தானியாவில் ஊருக்கு ஊர் இருக்கும் தர்மக் கடைகளிலும் அந்த ஊர்க் குளிருக்கென்றே தைத்த மேலங்கி மலிவாகக் கிடைக்கும். உள்ளே இரண்டு ஃபிளீஸும் மேலே மழை ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு அந்தக் கடைவரை போய்ச் சேர்ந்தால் போதும்.

அளவு பார்க்கும்போது வெறும் சட்டை மேல் போட்டுப் பார்க்காதீர்கள். வாங்கப்போகும் ஃபிளீஸை உள்ளே போட்டு, மேலே ஜக்கெட்டை மாட்டி, இரண்டு கையையும் உயர்த்துங்கள். இடுப்பு தெரிந்தால் ஒரு அளவு கூட்டுங்கள். கை நீளம் பெருவிரல் அடிவரை வர வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு அளவு பெரிது, இரண்டு வேண்டாம். கை நீண்டு நனைந்துகொண்டே இருக்கும். பிரித்தானியாவில் பல பள்ளிகள் கறுப்பு அல்லது கடுநீல மேலங்கியைத்தான் ஏற்கும். பூப்போட்ட இளஞ்சிவப்பு ஜக்கெட்டைப் பார்த்து மகள் அடம்பிடித்தாலும், பள்ளிக்கு இன்னொன்று வாங்க வேண்டிவரும் என்பதை அப்போதே யோசியுங்கள்.

விலையை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகும். ஏப்ரலிலும் நீண்ட விடுமுறைகளிலும் போகாதீர்கள். வார நாள் காலையில், மழை இல்லாத நேரத்தில் போனால் பேரம் படியும். ஒரே கடையில் ஐந்தாறு உருப்படி எடுத்துவிட்டு, "அண்ணே, மொத்தமா கடைசி விலை சொல்லுங்க" என்றால் தனித்தனியாகப் பேசுவதை விட அதிகம் குறைப்பார்கள். செட்டாகக் கட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம். நல்ல இரண்டோடு தேறாத மூன்று சேர்ந்து வரும். பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் அக்குள் பக்கத்தை முகர்ந்து, கறுப்புத் துணியில் வெண்புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

வாங்கக்கூடாதவை: கம்பளிப் போர்வை, பாரம் மட்டும்தான். கம் பூட்ஸ், பனிக்கட்டியில் வழுக்கும். பத்து நிமிடத்தில் காற்று புகும் அக்ரிலிக் கையுறை. மேஸ் மட்டும் கம்பளி நூல் கலந்ததாகக் கண்டால் கணக்குப் பார்க்காமல் ஆறு சோடி எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை கழுவிவிட்டே பெட்டியில் வைக்க வேண்டும். கட்டு வாடைக்கு ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி ஊற்றி அரைமணிநேரம் ஊற வைத்தால் போகும். துணி மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்காதீர்கள். அது ஃபிளீஸின் இழையில் படிந்து, வேர்வை வெளியேறும் வழியை அடைக்கும். மழை ஜக்கெட்டைப் பெட்டிக்குள் அமுக்காமல் உடம்பில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், ஒரு கிலோ மிச்சம்.

கடைசியாக உள்பை. பிரித்தானியாவில் புகலிடம் கோரியவருக்குக் கொடுக்கும் அடையாள அட்டை, குடிவரவு அலுவலகத்தில் கையொப்பமிடப் போகும் ஒவ்வொரு முறையும் தேவைப்படும், தொலைந்தால் மறுபடி எடுப்பது பெரிய அலைச்சல். நெஞ்சுப் பக்கம் சிப் வைத்த உள்பை இல்லாத ஜக்கெட்டை ஒதுக்க வேண்டியதில்லை, ஊர்த் தையல் கடையில் ஒன்று வைக்கலாம். வெளித்துணியைத் துளைக்காமல் உள் லைனிங்கில் மட்டும் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழை அந்த ஊசித்துளை வழியாக நேரே அட்டைக்கு இறங்கும்.