அளவு குறைந்த ஓர் அரை மாரத்தான்

கடந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெசன்ட் நகரில் தொடங்கி மெரினா வரை சென்று திரும்பும் அரை மாரத்தான் ஒன்றில் ஓடினேன். பதிவுக் கட்டணம் 1,200 ரூபாய். அதற்கு ஒரு டி-சட்டை, நேரச் சிப் ஒட்டிய பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை), வழிநெடுகத் தண்ணீர், முடிவில் ஒரு பதக்கம், காலைச் சிற்றுண்டி ஆகியவை கிடைத்தன. சட்டையும் பதக்கமும் என் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பந்தயத்துக்குப் பணம் கட்டுகிறவன் உண்மையில் வாங்குவது, சரியாக அளந்து வைத்த ஒரு தூரத்தையும் அதை அவன் கடந்த நேரத்தையும்தான் என்று நினைக்கிறவன் நான். நிகழ்ச்சியின் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். மற்றவற்றை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் வேகமான ஓட்டக்காரன் அல்லன். 45 வயதில், இதற்கு முன் ஓடிய நான்கு அரை மாரத்தான்களில் என் சிறந்த நேரம் 2 மணி 6 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் 14 வாரங்கள் பயிற்சி செய்தேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். செவ்வாய்க்கிழமை 800 மீட்டர் வேக ஓட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், மற்ற இரு நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்கு மெதுவான ஓட்டம். சென்னையில் பயிற்சியின் கடினம் வெயிலைவிடப் புழுக்கத்தில்தான் இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடல் குளிர்வதில்லை, இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அக்டோபரில் 18 கிலோமீட்டர் ஓடி முடித்து எடை பார்த்தபோது, வழியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தும் 1.4 கிலோ குறைந்திருந்தது. காலணிக்குள் வியர்வை இறங்கிச் சளக் சளக்கென்று ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பளிக்காது.

பிப் வழங்கும் ஏற்பாடு நன்றாக இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் சென்றேன். அடையாள அட்டையைக் காட்டிப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். கழிப்பறை விஷயத்தில் மட்டும் அமைப்பாளர்கள் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார்கள். விடியற்காலை நான்கே கால் மணிக்கு நான் போனபோது தற்காலிகக் கழிப்பறைகளின் முன்னால் வரிசை வளைந்து சாலைக்கே வந்துவிட்டிருந்தது. பெண்களின் வரிசை அதைவிட நீளம். நாலரை மணித் தொடக்கத்தைத் தவறவிட்டவர்கள் பலர். நேரச் சிப் இருப்பதால், தொடக்கக் கோட்டை எப்போது மிதிக்கிறோமோ அப்போதிருந்துதான் நமது நிகர நேரம் கணக்காகும் என்றாலும், பின்னால் புறப்படுகிறவர் முதல் இரண்டு கிலோமீட்டரும் நடப்பவர்களின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

தண்ணீர் ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். ஒவ்வொன்றிலும் நீளமான மேசைகள், முதலில் தண்ணீர், கடைசியில் ஓ.ஆர்.எஸ். கரைசல். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதிலாகக் காகிதக் கோப்பைகள், அவையும் பாதி அளவுக்கே நிரப்பப்பட்டவை. இதை ஏற்பாடு செய்தவர் நிச்சயம் ஓடிப் பழகியவராக இருக்க வேண்டும். நிறைந்த கோப்பையை ஓடிக்கொண்டே வாங்கினால் பாதி மூக்கில் ஏறும். பாதி நிறைந்த கோப்பையின் வாயை இரு விரலால் கிள்ளினால் தேநீர்க் கெண்டியின் மூக்குபோல் ஆகி, சிந்தாமல் குடித்துவிடலாம். பட்டினப்பாக்கம் அருகே ஒரு கல்லூரி மாணவி கோப்பையை உள்ளங்கையின் மீது வைத்து, நான் எடுக்கும் கணத்தில் கையை என் ஓட்டத்தின் திசையிலேயே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். யார் கற்றுக்கொடுத்தார்களோ, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

பாதை சமதளமானது. அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலத்தில் போகும்போதும் வரும்போதும் சிறு ஏற்றம் உண்டு, அவ்வளவுதான். சாந்தோமைக் கடந்து காமராசர் சாலைக்குள் நுழைந்ததும் கடற்காற்று முகத்தில் அடித்தது. வழியில் சில வீடுகளின் வாசலில் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே இத்தனை நூறு பேர் மூச்சிரைக்க ஓடிவந்தும் புள்ளி வரிசை கோணவில்லை.

இரண்டு மணி நேர பேசருடன் சேர்ந்து ஓடினேன். குறித்த நேரத்தில் முடிக்க விரும்புவோரைச் சீரான வேகத்தில் அழைத்துச் செல்வதே பேசரின் வேலை. முதல் ஐந்து கிலோமீட்டரை வெறியுடன் ஓடிவிட்டுப் பதினைந்தாவதில் எங்களை நடக்கவிடும் பேசர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிப்பட்டவர் அல்லர். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 நொடி என்று கடிகார முள் போலப் போனார். பாலத்தில் ஏறும்போது சில நொடிகளை விட்டுக்கொடுத்து, இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொண்டார். அப்படி ஓடிய மனிதர் முடிவுக் கோட்டை 1 மணி 57 நிமிடத்தில் தாண்டிவிட்டு, ஏதோ தவறு செய்துவிட்டவர்போலத் தன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் நிகர நேரம் 1:57:10. என் கடிகாரம் காட்டிய தூரம் 20.68 கிலோமீட்டர்.

அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர். முறையாக அளக்கப்படும் பாதைகளில், எஃகு நாடாவால் அளந்த ஒரு நேர்த் துண்டின் மேல் மிதிவண்டியை ஓட்டி, அதன் சக்கரத்தில் பொருத்திய ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணியைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். பிறகு, ஓட்டக்காரர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, பாதை முழுவதையும் அந்த வண்டியிலேயே அளக்கிறார்கள். அளவில் எங்கேனும் பிழை நேர்ந்தாலும் பாதை குட்டையாகிவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டியும் வைக்கிறார்கள். அரை மாரத்தானுக்கு அது 21 மீட்டர். இதனால்தான் சான்று பெற்ற பாதையில் நம் ஜி.பி.எஸ். கடிகாரம் பெரும்பாலும் 21.2, 21.3 என்று சற்றுக் கூடுதலாகவே காட்டும். நாம் மிகக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. தண்ணீருக்காக ஒதுங்குகிறோம், முன்னால் போகிறவரைச் சுற்றிக்கொண்டு போகிறோம். எனவே 21.3 காட்டிய கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அமைப்பாளரிடம் சண்டைக்குப் போவது அறியாமை. ஆனால், உயர்ந்த கட்டடங்கள் நெருங்காத கடற்கரைச் சாலையில் 20.68 காட்டினால், உண்மைத் தூரம் அதைவிடவும் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இட்லி வரிசையில் என்னைச் சுற்றி நின்ற ஏழு பேரிடம் கேட்டேன். ஒருவர் கடிகாரம்கூட 20.75-ஐத் தாண்டவில்லை.

அமைப்பாளர்களுக்கு எழுதினேன். ஜி.பி.எஸ். கடிகாரங்கள் துல்லியமற்றவை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பாதையை யார், எந்த முறையில் அளந்தார்கள் என்ற என் கேள்விக்குப் பதில் இல்லை. மாலையில் வந்த மின்சான்றிதழில் 21.1 கி.மீ. என்றே அச்சாகியிருந்தது. தவறு நேர்வது புதிதல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தான் பாதை 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் 380 மீட்டர் குறைவாக இருந்ததை 2016-இல் கண்டறிந்து வெளிப்படையாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 24,000 பேரின் நேரங்கள் கேள்விக்குள்ளாயின. அங்கே மறுபடி அளந்து பார்க்க ஒரு முறையும் அளக்க ஆளும் இருந்தார்கள். இங்கே பாதை வரைபடத்தின் கீழ் அளவு பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதன்முறையாக அரை மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும், குடும்பத்துடன் ஐந்து கிலோமீட்டர் நடக்க வருகிறவர்களுக்கும் இந்த நிகழ்ச்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தண்ணீர் உண்டு, முதலுதவிக் கூடாரங்கள் உண்டு, பொங்கலில் மிளகும் நெய்யும் குறைவில்லாமல் உண்டு. நேரத்தை முன்னிட்டு ஓடுகிறவர்கள், குறிப்பாக மும்பை மாரத்தான் போன்ற பெரிய பந்தயங்களுக்குப் பதிவு செய்யும்போது முந்தைய நேரத்தைச் சான்றாகக் காட்ட நினைப்பவர்கள், பாதை அளவுச் சான்றிதழை அமைப்பாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெதுவோட்டத்துக்காக அதே சாலைக்குப் போனேன். பந்தயத்தன்று திரும்பும் இடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைத்திருந்த மின்கம்பம் எனக்கு நினைவிருந்தது. அதைத் தாண்டி நேப்பியர் பாலத்தை நோக்கி நடந்தபோது, சாலைத் தடுப்பின் அடியில் வெள்ளைச் சாயத்தில் வளைந்து திரும்பும் ஓர் அம்புக்குறி, அதன் கீழே பந்தயத்தின் சின்னம். தார்ச் சாலையில் ஒரு சொட்டு வழிந்து உலர்ந்துகூட இருந்தது. கூம்பிலிருந்து அதுவரை 360 தப்படி, அதாவது 270 மீட்டர். போக, வர 540. யாரோ முறையாக அளந்து குறித்திருக்கிறார்கள், வேறு யாரோ அன்று காலை கூம்பை முன்னால் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கணக்கிட்டேன். என் கடிகாரத்தின் தூரத்தை நம்பினால், அதே வேகத்தில் முழு அரை மாரத்தானையும் 1:59:32-இல் முடித்திருப்பேன். சாயக் குறியை நம்பினால் 2:00:15. சான்றிதழை நான் இன்னும் அச்செடுக்கவில்லை.