தோட்டக் கந்தோரில் எஸ்.எல்.ஏ.: மனிதவளப் பிரிவின் நீண்ட காலப் பாவனை அனுபவம்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளியின் கோரிக்கை தோட்டக் கந்தோர், பிராந்திய அலுவலகம், கொழும்புத் தலைமையகம் என்று கை மாறிப் போகும். கோப்பு தேங்குவது பெரும்பாலும் இந்தக் கை மாறும் இடங்களில்தான். அதனால் சேவை மட்ட உடன்படிக்கையில் (எஸ்.எல்.ஏ., அதாவது எந்த வேலையை எத்தனை நாளில் முடிப்போம் என்ற எழுத்து வாக்கில்) "மொத்தம் 20 நாள்" என்று எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு கைக்கும் தனியாக நாள் குறிக்க வேண்டும். "வேலை நாள்" எது என்பதையும் எழுதிவிடுங்கள். சனிக்கிழமை, போயா விடுமுறைகளில் தோட்டமும் கொழும்பும் ஒரே மாதிரி இயங்குவதில்லை.

சட்டக் கெடு இருக்கும் வேலைகளுக்கு உள்ளகக் கெடு அதற்கு முன்பே விழ வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) தொழிலாளியின் 8%, தொழில்தருநரின் 12%, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.டி.எஃப்.) தொழில்தருநரின் 3%: இவை அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டியவை. 20ஆம் திகதியை உள்ளகக் கெடுவாக வைத்தால், வங்கியில் ஏதும் பிழை வந்தாலும் திருத்த நேரம் இருக்கும்.

மிகவும் சிக்கலானது பணிக்கொடை, அதாவது சேவைக்காலத்துக்காக விலகும்போது கொடுக்கும் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 ஆண்டு சேவை முடித்தவர் விலகினால் 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். ஓய்வு பெறும் திகதி முன்கூட்டியே தெரியும் என்பதால் கோப்பை 60 நாள் முன்பே திறப்பதுதான் சரி. பழைய செக்ரோல் (வேலை நாளும் சம்பளமும் பதியும்) புத்தகங்களில் சேவைக்காலத்தைத் தேட அவ்வளவு நாள் நிச்சயம் போகும். அடையாள அட்டையில் மாரியாயி, செக்ரோலில் மாரியம்மா என்றிருந்தால் சத்தியக் கடதாசி வரை போக வேண்டி வரும்.

"ஆவணம் குறைவு" என்று நாள் எண்ணும் கடிகாரத்தை நிறுத்தும் விதியை மிகக் கவனமாக எழுதுங்கள். எஸ்.எல்.ஏ. கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இன்று பிறப்புச் சான்றிதழ் கேட்டு, அடுத்த வாரம் வங்கிப் புத்தகம் கேட்டால், அறிக்கையில் தாமதமே தெரியாது. ஆனால் கோரிக்கை கொடுத்த அம்மா மலையேறி இரண்டு தடவை வந்து போயிருப்பார், ஒரு நாள் பேரும் (வேலைக்கு வந்த பதிவும்) போயிருக்கும். எனவே ஒரு கோப்புக்கு ஒரே நிறுத்தம் போதும். குறையும் எல்லாவற்றையும் ஒரே துண்டில் தமிழில் எழுதி, திகதியும் இலக்கமும் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். பிறகு கேட்கும் எந்தக் கடதாசிக்கும் கடிகாரம் நிற்காது.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 9 கோப்பு 3 நாளில் முடிந்து, ஒன்று 63 நாள் எடுத்தாலும் சராசரி 9 நாள்தான். 10 நாள் இலக்கு நிறைவேறியது போலத் தெரியும். கெடுவுக்குள் முடிந்தவை எத்தனை, இன்னும் திறந்திருப்பவற்றில் மிகப் பழையது எது என்ற இரண்டையும் மாதாமாதம் துரையின் (தோட்ட முகாமையாளரின்) மேசையில் வையுங்கள்.

கந்தோருக்குத் தகவல் தரும் மற்றப் பக்கத்தின் கடமையும் உடன்படிக்கையில் இருக்க வேண்டும். அன்றைய கொழுந்து நிறையும் பேரும் அன்று மாலையே கந்தோருக்கு வராவிட்டால், சம்பளப் பிழையை 2 நாளில் திருத்துவோம் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

தீபாவளி முற்பண விண்ணப்பங்கள் குவியும் வாரங்களில் எல்லாக் கிளார்க்குகளையும் அதற்கே இழுத்துவிடுவார்கள். விண்ணப்பத்தை ஒரு மாதம் முன்பே திறந்து, முடிவுத் திகதியை பிரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர்கள் கூடி வேலை பிரிக்கும் இடத்தில்) அறிவியுங்கள். பணிக்கொடைக் கோப்புகளைப் பார்க்கும் ஒருவரை மட்டும் அந்த இடத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.