பழைய காருக்கு ஒரு ஓபிடி ஸ்கேனர்: சில ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்தபின்

ஓபிடி ஸ்கேனர் என்பது காரின் கணினியில் பதிவாகும் கோளாறுகளையும் சென்சார் எண்களையும் படித்துக் காட்டும் சின்னக் கருவி. சிங்கப்பூரில் சிஓஇ-யை, அதாவது பத்தாண்டுக்குக் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, புதுப்பித்துப் பழைய காரையே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும். என் கார் 2008-இல் பதிவானது. ஜப்பான் தயாரிப்பு, 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 2018-இல் இன்னும் பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். சாலை வரியோடு 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு, ஆண்டுதோறும் வாகனச் சோதனை உண்டு. கடைசியில் காரைக் கைவிடும்போது, பத்தாண்டுக்குள் கைவிட்டால் அரசு திருப்பித் தரும் பார்ஃப் கழிவு என்று ஒரு காசும் கிடைக்காது. எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறேன். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டபோது, இருக்கிற காரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதே மேல் என்று வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள்.

இந்த வயதுக் காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் பட்டறைக்குப் பட்டறை ஒரு கதை சொல்வார்கள். அதற்காகவே இஎல்எம்327 வகை புளூடூத் ஸ்கேனர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகி, கைப்பேசிச் செயலியோடு இணைக்க வேண்டியதுதான்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கருவி காட்டும் கோளாறுக் குறியீட்டைப் படித்து, இணையத்தில் தேடி, முதலில் வருகிற உதிரிபாகத்தை மாற்றுகிறார்கள். அப்படிச் செய்வதற்கு இந்தக் கருவியே வேண்டாம். இதன் உண்மையான மதிப்பு, எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சென்சாரும் சொல்கிற எண்களை அப்படியே காட்டுவதில் இருக்கிறது.

எனக்கு முதலில் வந்த குறியீடு பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது வண்டி லேசாக உதறும். ஏசி போட்டால் இன்னும் மோசம். ஒரு பட்டறையில் குறியீட்டைப் பார்த்த கையோடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று விலையும் சொல்லிவிட்டார்கள். வீட்டில் கேஸ் நாற்றம் அடிக்கிறது என்று சொன்னவருடைய மூக்கை மாற்றுகிற வைத்தியம் இது. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தானே விளக்கே எரிந்தது?

ஃபியூவல் டிரிம் என்று செயலியில் ஒரு எண் வரும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. உடனடிக் கணக்கு ஒன்று, நாள்பட்ட கணக்கு ஒன்று. நாள்பட்டது பூச்சியத்தை ஒட்டி, கூட்டியோ குறைத்தோ ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் ஏதோ இருக்கிறது.

நம்ம ஊரில் இதைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கார்நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது குற்றம். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பதும் குற்றம். ஆகவே செயலியில் பதிவு செய்யும் வசதியை முன்பே போட்டுவிட்டு, வழக்கமான பாதையில் ஒரு சுற்றுப் போய் வந்து, பிறகு உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பேன். அப்பர் தாம்சன் சாலையில் விளக்குக்கு விளக்கு நின்றதில் வேண்டிய அளவு ஐடில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலை) கிடைத்தது; அந்தச் சாலை நெரிசலுக்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

படம் தெளிவாக இருந்தது. ஐடிலில் டிரிம் கூட்டல் 18 விழுக்காட்டை ஒட்டி நின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றில் சீராக ஓடும்போது நாலு, ஐந்துக்கு இறங்கியது. காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைந்தால் இப்படித்தான் காட்டும்: ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிசு, வேகம் கூடக் கூட அது கரைந்துபோகும். நேர்மாறாக, சுமை ஏற ஏற டிரிம் ஏறியிருந்தால் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃபுளோ சென்சார் அழுக்கடைந்ததையோ பெட்ரோல் பம்பையோ சந்தேகித்திருப்பேன்.

இந்தப் படத்தோடு பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பியிடம் போனேன். ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். கைப்பேசியை வாங்கிக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சென்சார்ல கை வைக்காதீங்க. இது ஹோஸ்ண்ணே."

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அடியில் விரலை விட்டு, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி குழாயின் வளைவை மெல்ல மடக்கினார். மேலே நன்றாக இருந்த ரப்பர், அடிப்பக்கம் நகம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்த ரப்பர் வேறெப்படி இருக்கும்? முதல் பட்டறையில் சென்சாருக்குச் சொன்ன விலையில் இப்படி ஒரு கூடைக் குழாய் வாங்கலாம். மாற்றிய பிறகு டிரிம் மூன்றுக்கு வந்து நின்றது.

அடுத்தது மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. மேம்பாலம் ஏறும்போது வண்டி குலுங்கி, எஞ்சின் விளக்கு கண்சிமிட்டியது. நிலையாக எரிகிற விளக்குக்கும் சிமிட்டுகிற விளக்குக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கலாம் என்று எச்சரிக்கை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரங்கட்டுவதுதான் சரி. குறியீடு பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டர். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் அதற்குத் தீப்பொறி மின்சாரம் தரும் தனித்தனி இக்னிஷன் காயில். மூன்றாவதைக் கழற்றி ஒன்றாவதில் போட்டு, ஒன்றாவதை மூன்றாவதில் போட்டோம். குறியீடு பி0301 ஆனது. காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறியதால் குற்றவாளி காயில்தான். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டியிருந்திருக்கும். கையோடு நாலு இரிடியம் பிளக்கையும் மாற்றிவிட்டோம்.

மூன்றாவதாக வந்த பி0420 எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும் எண்: கன்வெர்ட்டரின் திறன் குறைவு. இதற்கும் வரைபடம்தான் உதவியது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது இயல்பு. பின்னால் இருப்பது 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். எனக்கோ பின்னாலிருந்த கோடும் முன் கோட்டைப் போலவே ஆடியது. புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும் இந்தக் குறியீடு வரக்கூடும் என்பதால் தம்பி முதலில் அதைப் பார்த்தார். கசிவு இல்லை. கன்வெர்ட்டரை மாற்றினோம், பின் கோடு படுத்துக்கொண்டது. இந்தத் தடவை குறியீடு சொன்ன பாகமே கெட்டிருந்தது, செலவும் வலித்தது.

ஆண்டுச் சோதனைக்குப் போகுமுன் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அங்கே புகைக்குழாயில் கருவியை விட்டு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். குறியீட்டை அழித்தால் புகை மாறாது. அதோடு, கோளாறு வந்த நொடியில் வேகம், சூடு, சுற்று எவ்வளவு என்று கணினி பிடித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். மெக்கானிக்குக் கொடுக்கக்கூடிய நல்ல தடயம் அது. அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. சாதாரண புளூடூத் வகை ஐபோனோடு சேராது. அதற்கு வைஃபை அல்லது குறைமின் புளூடூத் வகை வேண்டும். மலிவு நகல்கள் எண்களை மெதுவாகத்தான் தருகின்றன. ஒரே நேரத்தில் நாலைந்து எண்களுக்கு மேல் கேட்டால் வரைபடம் படிக்கட்டாகிவிடும். எது வேண்டுமோ அதை மட்டும் திறந்து வைப்பேன். சாக்கெட்டுக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வருவதால் செருகியே விட்டால் பேட்டரியை மெல்ல உறிஞ்சும். ஊருக்குப் போவதென்றால் கழற்றிவிட்டுத்தான் கிளம்புவேன்.

என் கருவி எஞ்சினை மட்டுமே படிக்கிறது; ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 2028 வரைக்கும் எனக்கு இது போதும். புதிதாக வாங்குகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் போட்டு, ஏபிஎஸ்-ஐயும் படிக்கிற, உங்கள் கார் மாடலைப் பட்டியலில் காட்டுகிற கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.