நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வாடகை வீட்டைப் பூட்டுகிறார்கள்: யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருப்போர் கவனத்துக்கு

கொக்குவிலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் கனடாவில் வசிக்கிறார். அவருடைய அற்றோணித் தத்துவத்தை, அதாவது அவருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரத்தை, வைத்திருக்கும் உறவினர் ஒருவரே மாதாமாதம் வாடகையை வாங்கி வந்தார். என் மாமனாரின் அந்தியேட்டிக்காக நாங்கள் குடும்பத்தோடு கீரிமலைக்குப் போயிருந்த பொழுதில், அந்த உறவினர் ஆட்களோடு வந்து கதவுப் பூட்டை உடைத்து, அலுமாரியையும் கட்டில்களையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, படலைக்குப் புதிய ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டுச் சென்றுவிட்டார். அன்றுவரை வாடகையில் ஒரு ரூபாயும் நிலுவை இருக்கவில்லை.

தொலைபேசியில் அவர் சொன்ன நியாயம் இதுதான்: ஒரு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அந்த ஒப்பந்தமும் நொத்தாரிசு (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன் எழுதப்பட்ட உறுதிப் பத்திரம் அல்ல, ஆகவே அந்த வீட்டில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இதே வார்த்தைகளை வேறு வாடகைக்காரர்களுக்கும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்று பின்னர் அறிந்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் குத்தகையாகச் செல்லாது. ஆனால் வீட்டுக்காரர் மாத வாடகையை வாங்கிக்கொண்டு குடியிருக்க விட்டிருந்தால், அது மாத வாடகைக் குடியிருப்பாகவே கொள்ளப்படும். அதை முடிக்க வேண்டுமானால் மாத முடிவோடு முடிவடையும் வகையில் ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் காலம் கழிந்தும் வாடகைக்காரர் எழும்பாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தீர்ப்புப் பெற வேண்டும். அந்தத் தீர்ப்பை நிறைவேற்றி வீட்டை ஒப்படைப்பவர் நீதிமன்றத்தின் பிஸ்கால். உரிமையாளரோ, அவருடைய உறவினரோ, தரகரோ அந்த வேலையைக் கையில் எடுக்க முடியாது. மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்து ஆட்களை வெளியேற வைப்பதும் நீதிமன்றத்தைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழியே.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட பழைய வாடகை இடங்களில் பாதுகாப்பு இன்னும் அதிகம். அங்கே அறிவித்தல் மட்டும் போதாது; வாடகை நிலுவை, உரிமையாளருக்கே நியாயமாகத் தேவைப்படுதல், எழுத்துமூல அனுமதியின்றி வேறொருவருக்குக் கீழ்வாடகைக்கு விடுதல், இடத்தைச் சேதப்படுத்துதல் போன்ற சட்டம் ஏற்கும் காரணம் ஒன்றையும் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். 2002ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. எங்கள் வீடும் அப்படியானதுதான். அப்படியிருந்தும், நீதிமன்றம் இல்லாமல் ஆளை வெளியே தள்ளும் உரிமை யாருக்கும் இல்லை.

பொலிஸ் நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில், இது சிவில் பிரச்சினை, வழக்குப் போடுங்கள் என்பதே. இந்தப் பதிலைக் கேட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்று பயந்து வேறு வீடு தேடிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கை முறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, காணி அல்லது வீடு தொடர்பான தகராறினால் சமாதானம் குலையும் நிலை இருந்தால் பொலிஸாரே அதை நீதிமன்றத்துக்கு அறிக்கையிடலாம். அவர்கள் செய்யாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்துமூல வாக்குமூலம்) நேரடியாக மனுச் செய்யலாம். அந்த நீதிமன்றம் உறுதி யாருடையது என்று ஆராய்வதில்லை. அந்த இடம் யார் கையில் இருந்தது, அது எப்படிப் பறிக்கப்பட்டது என்றே பார்க்கும். மனுத் தாக்கல் செய்யும் நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் குடியமர்த்த 68ஆம் பிரிவு இடம் தருகிறது. சமரசப் பேச்சு என்று சொல்லி நாட்களை இழுத்தடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தைக் கடத்தவே பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒரு கடிதம். எங்கள் சாமான்களையும் முற்பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்லி, வீட்டை நாங்களே விரும்பி ஒப்படைத்ததாக எழுதிய தாளொன்றில் கையெழுத்துக் கேட்டார்கள். பிள்ளைகளோடு உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் ஒருவருக்கு அந்த நேரத்தில் எதையும் எழுதிக் கொடுத்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்தக் கையெழுத்து விழுந்தால் பலவந்தமாக வெளியேற்றப்பட்டோம் என்று பிறகு சொல்ல இடமிருக்காது. நாங்கள் மறுத்தோம். வாடகைப் பற்றுச்சீட்டுகள், எங்கள் முகவரிக்கு வந்த கடிதங்கள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், உடைந்த பூட்டின் படங்கள், முதல் நாளே செய்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவையே எங்கள் பக்கத்தைத் தாங்கி நின்றன. வாடகையைப் பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் இன்னும் பரவலாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் செலுத்துங்கள், அல்லது ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்குங்கள்.

வாடகையும் கொடாமல் வீட்டையும் விடாமல் உரிமையாளர்களை வருத்தும் வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டை மீட்க முடியாமல் தவிப்பவர்களின் வேதனை எனக்கு விளங்குகிறது. குத்தகைக்கு விட்ட இடத்தை மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாக விரைவாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. நொத்தாரிசு உறுதி எழுதி வாடகைக்கு விடுவது உரிமையாளருக்கும் நன்மையானதே.

ஆரம்ப நீதிமன்ற அதிகாரத்தையும் கொண்ட நீதவான் நீதிமன்றம் எங்களை மீண்டும் குடியமர்த்தக் கட்டளையிட்டது. அதன் பிறகே உரிமையாளர் தரப்பு ஒரு சட்டத்தரணி மூலம் முறையான ஒரு மாத அறிவித்தலை அனுப்பியது. அதை மதித்து இந்த மாத முடிவில் வீட்டை விடுகிறோம்; முற்பணமும் உடைந்த அலுமாரிக்கான நட்டஈடும் இன்னும் தரப்படாததால், அவற்றுக்கான கோரிக்கைக் கடிதத்தை எங்கள் சட்டத்தரணி அனுப்பியிருக்கிறார்.