32,500 ரூபாய் கொடுத்து வாங்கிய வெயில்: பந்தய டிக்கெட் எடுக்கப்போகும் நம் ஊர்க்காரர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய் இரவு. இன்னும் ஆறவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலிக் கிளிப்பைத் தலைமாற்றிப் பூட்டிவிட்டேன். பதினேழு வருடத் தொழிலில் இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. மருமகன் கண்டு சொல்லியிராவிட்டால் அந்த மனிதர் கல்லடிப் பாலத்தின் நடுவில் விழுந்திருப்பார். ஆகவே எழுதிமுடித்துவிட்டுத்தான் படுக்கப்போகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு போக நினைப்பவர்கள் வாசியுங்கள். எப்படி வாங்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் ஒழுங்காகச் சொல்கிறேன்.

போனது 32,500 ரூபாய். பயணச் செலவு வேறு.

விற்றவர்களின் பெயரை எழுதமாட்டேன். மச்சான் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறார். "பெயரைப் போட்டால் காசைத் தொலைத்ததும் நீங்கள்தான், வழக்குக்கு அலையப்போவதும் நீங்கள்தான்" என்றார். இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்: இசை நிகழ்ச்சி, நாடகம், விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் டிக்கெட் விற்கும் ஓர் இணையத்தளம். தலைநகர்ப் பக்கத்தில் பழைய பேர் மட்டும் மிஞ்சிக் கிடக்கும் ஒரு பந்தய ஓடுபாதை. இரண்டுக்கும் நடுவில், அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஓடுபாதையை வாடகைக்கு எடுத்த ஓர் ஏற்பாட்டாளர்.

எனக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்தது டோஹாவில். அங்கே ஒரு வாகனத் திருத்தகத்தில் ஐந்து வருடம் இருந்தேன். 2015 மார்ச்சில் லுசைல் ஓடுபாதையில், இரவைப் பகலாக்கிய விளக்குகளின் கீழ், மோட்டார் சைக்கிள் வீரர் ரொஸ்ஸி தன் யமஹாவில் டோவிசியோசோவின் டுகாட்டியைக் கால் விநாடி கூட இல்லாத இடைவெளியில் முந்தி வந்ததை நேரில் பார்த்தவன் நான். அங்கேயும் பாதி இருக்கைகள் வெறுமையாகத்தான் கிடந்தன. ஆனால் டிக்கெட்டில் எந்த வரிசை, எந்த எண் என்று அச்சடித்திருந்தார்களோ, அந்த வரிசையில் அந்த எண்ணோடு ஒரு கதிரை இருந்தது. அதைச் சாதாரண விடயம் என்று அன்று நினைத்தேன்.

மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அந்த இரவின் கதையை அவன் என்னிடம் நூறு தடவையாவது கேட்டிருப்பான். இங்கேயே ஒரு பந்தயத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அவன் அம்மா. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்களே, அந்தக் காணொளியை அவள் பார்த்துவிட்டாள். இறந்தவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். "வேலிக்கரையில் நிற்கிற டிக்கெட் என்றால் பிள்ளையை அனுப்பமாட்டேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

அதனால்தான் விலை கூடிய டிக்கெட்டைத் தேடினேன். தளத்தில் மூன்று வகை போட்டிருந்தார்கள்: பொது அனுமதி 2,500, மேடை ஆசனம் 5,000, முகப்பு மேடை 8,500. முகப்பு மேடையில் கூரையுண்டு, எண்ணிட்ட ஆசனம் உண்டு, தடத்திலிருந்து தள்ளி உயரத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. பந்தய வாகனங்களைக் கிட்ட நின்று பார்க்கும் 'பிட்' அனுமதிக்கு ஆளுக்கு 2,000 மேலதிகம். மனம் ஒப்பவில்லை. அவ்வளவு பணமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அங்கே கொடுத்திருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன்.

இங்கேதான் நான் விழுந்தேன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எடுத்தவுடன் சிங்களத்தில் வணக்கம் சொன்ன ஓர் இளைஞன், என் தடுமாற்றத்தைக் கேட்டுவிட்டு, "தமிழிலேயே பேசுங்கள் அண்ணன், நானும் மட்டக்களப்பு, செங்கலடிதான்" என்றான். கொழும்புக்கு எதற்காகத் தொலைபேசி எடுத்தாலும் வாக்கியத்தை முன்கூட்டியே மனத்துக்குள் சிங்களத்தில் அடுக்கிக்கொண்டு எடுக்கிற ஆள் நான். அந்த 'அண்ணன்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. கராஜ் எங்கே இருக்கிறது என்று கேட்டான், சொன்னேன். அந்த வீதியால் போயிருக்கிறேன் என்றான். மகனின் வயதைக் கேட்டான். "சின்னப் பிள்ளையோடு வருகிறீர்கள், பொது அனுமதி எடுக்காதீர்கள் அண்ணன். பொக்ஸ் ஹில்லில் நடந்தது தெரியும்தானே? முகப்பு மேடை என்றால் பயமில்லை" என்றான். என் மனைவி சொன்ன அதே சொற்கள்! கடவுளே அனுப்பிய ஆள் என்று நினைத்தேன். "கார்டு வேண்டாம், நேரே கணக்குக்குப் போட்டுவிடுங்கள், சேவைக் கட்டணத்தில் பாதியைக் கழித்துவிடுகிறேன்" என்றும் சொன்னான். நன்றி வேறு சொன்னேன் அவனுக்கு.

எனக்கு, மகனுக்கு, மருமகனுக்கு என்று மூன்று டிக்கெட் 25,500. பிட் அனுமதி 6,000. சேவைக் கட்டணம் 1,000. மொத்தம் 32,500 ரூபாய். கராஜின் கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த காசு அது. மாரிக்கு முன் மாற்றிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். இப்போது வாளி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

சனிக்கிழமை இரவு ரயிலில் போனோம். ஓடுபாதை வாசலில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு காட்போட் மட்டை. கறுப்பு மையால் கையெழுத்தில்: 'டிக்கெட் 1,000 ரூபாய்.' வகையும் இல்லை, வரிசையும் இல்லை, எல்லாருக்கும் ஒரே ஆயிரம். நான் என் கைப்பேசியில் இருந்த டிக்கெட்டைக் காட்டினேன். வாசலில் நின்ற பையன் அதைப் பார்க்கக்கூட இல்லை, கையை உள்ளே காட்டினான்.

முகப்பு மேடை என்பது இரும்புக் குழாய்ச் சாரக்கட்டின் மேல் அடித்த பலகை. 'ஜி' வரிசை 14, 15, 16 எங்கே என்று கேட்டேன். சிரித்தார்கள். எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. கூரை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அனுசரணையாளர்களின் கதிரைகளுக்கு மேல் நீலத் தறப்பாள் ஒன்று கட்டியிருந்தார்கள். அதன் கீழ் ஆறேழு பேர், மிச்சமெல்லாம் வெறும் கதிரை. நாங்கள் அதற்கு இப்பால் வெயிலில். சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்த கோலத்தை யாரும் படம் எடுக்கவில்லை என்பது ஒரு நிம்மதி.

பிட் அனுமதி? "பாதுகாப்புக் காரணத்தால் இன்று இல்லை." முடிந்தது கதை. 6,000 ரூபாய் ஒரு வாக்கியத்தில் போனது.

பதினான்கு பந்தயம் என்று விளம்பரம். நடந்தது ஆறு. நிசான் மார்ச் என்ற சின்னக் கார்களின் பிரிவில் நான்கு கார் ஓடின, அதில் ஒன்று இரண்டாம் சுற்றிலேயே ஓரம் கட்டிவிட்டது. இதற்காக ஓட்டுநர்களைக் குறைசொல்லமாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவைத் திறந்தார்கள். நடுவில் 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. உதிரிப்பாகத்துக்கும் டயருக்கும் என்ன விலை என்று என்னைக் கேளுங்கள். அந்த நிலையில் ஒருவன் தன் காரைப் பந்தயத்துக்குக் கொண்டுவருகிறான் என்றால் அவனுக்கு நான் கைதட்டத்தான் வேண்டும். 250 சீசீ மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. முதல் வளைவில் மூன்று பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு போனார்கள். எரிந்த டயரின் மணம் மேடை வரைக்கும் வந்தது. மகன் எழுந்து நின்று கத்தினான். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் வந்தோம், அது கிடைத்தது. இதையும் எழுதாவிட்டால் நான் பொய்யன்.

அடுத்த பந்தயத்தில் ஓர் ஓட்டுநர் விழுந்தார். தோள்பட்டை விலகியிருக்க வேண்டும், எழுந்து நடந்துதான் போனார். அவரை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் வெளியேறியது. ஒரே ஓர் அம்புலன்ஸ். அது இல்லாமல் பந்தயம் ஓட்டக்கூடாது, அது சரியான விதி. ஆனால் ஆளுக்கு 8,500 வாங்குகிறவர்கள் இரண்டாவதாக ஒன்றை நிறுத்தியிருக்க வேண்டாமா? ஒன்றரை மணித்தியாலம் சும்மா இருந்தோம். ஒலிபெருக்கியும் நின்றுவிட்டது. மலசலகூடத் தாங்கியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

அந்த இடைவேளையில்தான் வாசல் சங்கிலியைக் கழற்றினார்கள். மேடை வெறுமையாக இருந்தால் காணொளியில் அழகாக இராதாம். வீதியில் தேநீர்க் கடையில் நின்றவர்கள், எதிர்ப்பக்கத்தில் கிரிக்கெட் விளையாடிய பிள்ளைகள், எல்லாரையும் உள்ளே வரச்சொன்னார்கள். காசு இல்லை. வந்தவர்கள் நேரே வேலிக்கரைக்குப் போய் நின்றார்கள். எந்த வேலிக்கரைக்குப் பயந்து நான் 32,500 ரூபாய் கட்டினேனோ, அதே வேலிக்கரைக்கு. தடுக்க ஓர் ஆள் இல்லை. மகன் என்னைப் பார்த்து, "அப்பா, அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டான்.

அவர்கள் வந்ததில் எனக்குக் கோபமில்லை. காலையிலேயே ஐந்நூறு ரூபாய் என்று போட்டிருந்தால் அந்த மேடை நிறைந்திருக்கும், சோடாக்காரனும் கச்சான்காரனும் பிழைத்திருப்பார்கள், அடுத்த முறையும் சனம் வந்திருக்கும். நொடிந்துபோன இடம் என்று தெரிந்தே போனவன் நான். உண்டியல் வைத்திருந்தால் ஆயிரம் போட்டிருப்பேன். தூரத்திலிருந்து, நம்பி, முதல் வாரத்திலேயே பணம் கட்டியவனின் தோலை உரித்து, அவனுக்குப் பக்கத்திலேயே அடுத்தவனை இலவசமாக உட்காரவைப்பது என்ன கணக்கு?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே இலக்கத்துக்கு எடுத்தேன். அதே குரல்தான். "சொல்லுங்கள் சேர்" என்றான். அண்ணன் போய்விட்டார், சேர் வந்துவிட்டார். "நாங்கள் விற்றுக்கொடுப்பவர்கள் மட்டும்தான் சேர். ஏற்பாட்டாளரோடு கதையுங்கள்." ஏற்பாட்டாளர் நான்காவது அழைப்பில் எடுத்தார். ஆசனங்கள் ஓடுபாதைக்காரர் பொறுப்பு என்றார். வாசலில் ஆயிரத்துக்கு விற்றீர்களே என்றேன். அது 'அன்றைய சலுகை' என்றார். ஓடுபாதைக் காரியாலயத்தில் வயதான ஒருவர் எடுத்தார். சிங்களத்தில்தான் பேசினோம். "மல்லி (தம்பி), அன்றைய வாடகையில் பாதி எங்களுக்கே இன்னும் வரவில்லை" என்றார். குரலைக் கேட்டால் பொய்யாகத் தெரியவில்லை. அவரிடம் மட்டும் என்னால் சத்தம்போட முடியவில்லை.

மத்தியானம் திரும்பவும் தளத்துக்கு எடுத்தேன். இந்த முறை வேறொரு குரல், ஆங்கிலம் மட்டும். செங்கலடித் தம்பியைக் கேட்டேன், அப்படி ஒருவர் இப்போது கடமையில் இல்லை என்றார்கள். மாலையில் மின்னஞ்சல் வந்தது: நிகழ்ச்சி நடந்துவிட்டதால் பணம் திருப்பித் தரப்படாது, நிகழ்ச்சிநிரல் மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறது, வருந்துகிறோம், அடுத்த பந்தயத்துக்குப் பத்து வீதக் கழிவு தருகிறோம். 32,500 ரூபாயைப் பேய்க்காட்டி வாங்கிவிட்டு, இன்னொரு முறை வரச்சொல்லிப் பத்து வீதம்! அவர்களுடைய முகநூல் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். இருபது நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். திரும்ப எழுதினேன், என்னைத் தடைசெய்துவிட்டார்கள்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977, தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிவுரை சொல்கிறேன் என்று தொடங்கினேன், நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சுருக்கமாக: கணக்குக்கு நேரே காசு போடாதீர்கள், கார்டில் கட்டினால் வங்கியிடம் போய் மறுப்புத் தெரிவிக்கவாவது ஒரு வழி இருக்கும். கூரை, ஆசன எண் என்றால் அந்த மேடையின் உண்மையான படத்தைக் கேளுங்கள், வரைந்த படம் வேண்டாம். அந்த ஓடுபாதைப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் வாசல் விலையை விசாரித்துவிட்டு எடுங்கள். ஊர்க்காரன் என்று சொன்னால் இன்னும் இரண்டு மடங்கு விசாரியுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகன் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டுகிறான். அதே தளம், அதே ஓடுபாதை, அடுத்த மாதம் இன்னொரு பந்தயம். முகப்பு மேடை 9,500 ரூபாயாம். கீழே நம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் தமிழில் விலை விசாரித்திருக்கிறார்கள். தம்பிமாரே, உங்களில் யாராவது இதை வாசித்தால், இன்னும் பணம் அனுப்பியிராவிட்டால், தயவுசெய்து அனுப்பாதீர்கள். கல்லடியில் கராஜுக்கு வாருங்கள், என் டிக்கெட்டையும் அந்த மேடையின் படத்தையும் காட்டுகிறேன்.