எட்டுப் பேர், மூன்று நாள், அலபாமா: ஒரு கஞ்சனின் கோல்ஃப் விமர்சனம்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எட்டுப் பேர். உருப்படியாக கோல்ஃப் ஆடத் தெரிந்தவர்கள் அதில் இரண்டே பேர். மூன்று பேர் பந்தை அடிப்பார்கள், அது எங்கே போகும் என்று அவர்களுக்கே தெரியாது. மீதி மூன்று பேர் மைதானத்துக்குள் கார்ட் வண்டி ஓட்டவும் படம் எடுக்கவும் வருகிறவர்கள். நான் நடு ரகம். ஆனாலும் வருடா வருடம் பயண ஏற்பாடு என் தலையில்தான் விழுகிறது. காசு விஷயத்தில் கறார் என்று பெயர் எடுத்ததற்குக் கிடைத்த தண்டனை.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவின் வடக்குப் புறநகர். இந்த முறை போனது பக்கத்து மாநிலமான அலபாமாவுக்கு, மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கிற ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் ட்ரெயில் என்ற மைதான வரிசையில் இரண்டு இடங்கள். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அதற்கு முந்தைய வருடம் நான் பண்ணின கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை மாதம். ஒரு முன்பதிவுச் செயலியில் பாதி விலை என்று போட்டிருந்தது. பெயர் வேண்டாம், ஒரு பொது மைதானம். எட்டு இடத்தையும் உடனே பிடித்துப் பணத்தையும் கட்டிவிட்டேன், திரும்பக் கிடைக்காத பணம். போய்ப் பார்த்தால் கிரீன், அதாவது குழியைச் சுற்றியிருக்கிற வழவழப்பான புல்தரை முழுக்க விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் மேல் மணல் தூவியிருக்கிறது. பந்தை உருட்டுகிற பட்டர் மட்டையால் தட்டினால் பந்து பணியாரக் கல்லில் உருட்டின கோலி மாதிரி குதித்துக் குதித்துப் போகிறது. ஏரேஷன் என்று பெயர். இறுகிப்போன மண்ணைத் துளைத்துத் தளர்த்தினால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகும். தெற்கு மாநிலங்களில் பெர்முடா புல் மளமளவென்று வளர்கிற கோடையில்தான் இதைச் செய்வார்கள். புல்லுக்கு நல்லதுதான். ஆனால் கிரீன் பழைய நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அந்த இரண்டு வாரத்தில்தான் பாதி விலை!

அங்கேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. ஏழு நிமிடத்துக்கு ஒரு குழு என்று ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு டீயிலும் (குழிக்கான முதல் அடியை அடிக்கிற இடம்) எங்களுக்கு முன்னால் இரண்டு குழு காத்திருக்கும். நாலரை மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் ஆறு மணி நேரம் போனது. குழுவில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் பதினெட்டில் பதினாலாவது குழியில் கார்ட்டிலேயே தூங்கிவிட்டார்.

அதிலிருந்து, எந்த மைதானமாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் ப்ரோ ஷாப்புக்கு (மைதானத்தின் கடையும் அலுவலகமும்) ஒரு போன் போடுகிறேன். கடைசியாக கிரீனைத் துளைத்தது எப்போது, அடுத்தது எப்போது? டீ டைம், அதாவது ஒவ்வொரு குழுவும் ஆட்டத்தை ஆரம்பிக்கிற நேரம், அதன் இடைவெளி எத்தனை நிமிடம்? எட்டில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அவர் பணம் என்ன ஆகும்? இரண்டு நிமிடப் பேச்சுதான். மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

சரி, 'பப்ளிக்' என்று போட்டிருந்தால் மலிவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் மைதானமும் பப்ளிக்தான். யார் வேண்டுமானாலும் ஆடலாம், ஒரு சுற்றுக்கு 600 டாலருக்கு மேல் எடுத்து வைத்தால். சான் டியேகோவின் டோரி பைன்ஸ் நகராட்சி மைதானம், 2008, 2021 இரண்டு முறை யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த இடம். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளியூர்க்காரர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. நியூயார்க்கின் பெத்பேஜ் மாநிலப் பூங்காவிலும் மாநிலவாசிக்குத்தான் சலுகை. அங்கே பிளாக் மைதானத்தின் முதல் டீயில், இது மிகக் கடினமானது, கைதேர்ந்தவர்கள் மட்டும் ஆடவும் என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவுக்கு அந்தப் பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொள்வதோடு சரி.

தென் கரோலினாவின் கடற்கரை ஊரான மர்ட்டில் பீச்சையும் யோசித்தேன். குழுக்களுக்கென்றே ஓட்டலும் மைதானமும் சேர்த்துக் கட்டணம் போட்டுத் தருவார்கள். ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேரம் காரில் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு என்பவர்களுக்கு அது ஆகாது.

ட்ரெயில் கதை கொஞ்சம் விசித்திரமானது. அலபாமாவின் ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை நிர்வகித்த டேவிட் ப்ரோனர், அந்த நிதியைக் கொண்டு மாநிலம் முழுக்க கோல்ஃப் மைதானங்கள் கட்டினால் வெளியாட்கள் வருவார்கள், காசு புழங்கும் என்று கணக்குப் போட்டார். எண்பது வயதைத் தாண்டிய மைதான வடிவமைப்பாளர் ட்ரென்ட் ஜோன்ஸை வடிவமைக்க அழைத்தார். 1992-இல் திறக்க ஆரம்பித்து, இன்று 11 இடங்களில் 468 குழிகள். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "பென்ஷன் பணத்தை எடுத்துக் குழி தோண்டினார்களாக்கும்" என்றாள்.

எனக்குப் பிடித்தது வரலாறு இல்லை, அமைப்பு. நாங்கள் போன இரண்டு இடங்களிலும் ஒரே வளாகத்தில் 54 குழி, அதாவது மூன்று மைதானம். ஒரு நாள் கஷ்டமானது, மறுநாள் சின்னது என்று, காரை எடுக்காமலே மாற்றி மாற்றி ஆடலாம். ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து முன்னால் வரை ஊதா, ஆரஞ்சு, வெள்ளை, டீல் (நீலப்பச்சை) என்று நிறம் நிறமாக டீ. கெட்டிக்காரர்கள் பின்னாலிருந்து அடிக்கட்டும், நாம் முன்னாலிருந்து அடிப்போம். திறமை ஏறுமாறாக இருக்கிற குழுவுக்கு, விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நாற்பது டாலர் மிச்சம் பிடித்து, ஒரே ஒரு நீளமான மைதானத்தில் எல்லோரையும் தள்ளினால், மதியத்துக்குள் பாதிப் பேர் முகம் தொங்கிவிடும்.

நவம்பர் முதல் வாரத்துக்கு அடுத்த வெள்ளி, காலை ஏழரைக்குக் கிளம்பி ஐ-85 நெடுஞ்சாலையைப் பிடித்தோம். முதல் இடம் ஓபலைக்காவில் இருக்கிற கிராண்ட் நேஷனல். எங்கள் டீ டைம் பத்தரை. காரின் கடிகாரம் பத்தேகால் காட்டும்போதுதான் வளாகத்துக்குள் நுழைகிறோம். நான் ஷூ லேஸைக் காரிலேயே கட்டிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்: ஒன்பதேகால். ஜார்ஜியா கிழக்கு நேரம், அலபாமா மத்திய நேரம். ஏற்பாட்டாளர் இதைத் தவிர எல்லாவற்றையும் கூகுளில் தேடியிருந்தார். சும்மா கிடைத்த ஒரு மணி நேரத்தில், கார் நிறுத்துமிடத்தில் மர நிழல் பார்த்து, நண்பர் ஒருவர் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைக் காலி செய்தோம்.

அன்று லேக் மைதானம். 600 ஏக்கர் சாகாஹாச்சி ஏரி. வளாகத்தின் 54 குழிகளில் 32 ஏரிக்கரையை ஒட்டியே போகின்றன. 2015 முதல் 2017 வரை தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிஜிஏ டூரில் பார்பசோல் போட்டி இங்கேதான் நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் தனித்தனியாக ஸ்கோர் எழுதுவது தண்ணீருக்குச் செய்கிற அபச்சாரம். அதனால் நாலு நாலு பேராகப் பிரிந்து ஸ்க்ராம்பிள் ஆடினோம். நாலு பேரும் அடிப்பார்கள், அதில் நல்லதாக விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மறுபடி நாலு பேரும் அடிப்பார்கள். ஒவ்வொருவரின் டீ ஷாட்டும் குறைந்தது மூன்று தடவையாவது எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டோம். அதில்தான் சுவாரசியம். பன்னிரண்டாவது குழி வரை பேசாமல் கார்ட் ஓட்டிய ஆள், திடீரென்று முக்கியஸ்தர் ஆகிவிடுகிறார்.

ஒரு இடத்தில் தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. அண்ணே வெள்ளை டீயில்தான் நிற்பேன் என்று அடம். "டீல் கிழவனுங்களுக்குடா" என்றார். அவருக்கு 61 வயது. முதல் பந்து ஏரி. இரண்டாவதும் ஏரி. மூன்றாவதை எடுத்து, அதில் ஒட்டியிருந்த புல்லைச் சட்டையில் துடைத்து, டீல் நிறக் குறிகளுக்கு நடுவில் போய் வைத்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அது கிரீனில் விழுந்தது.

பெரிய, மேடும் பள்ளமுமான கிரீன்கள். பார் எடுப்பது (குறித்த அடிகளில் முடிப்பது) கஷ்டமாக, போகி எடுப்பது (ஓர் அடி கூடுதலாக முடிப்பது) சுலபமாக இருக்க வேண்டும் என்பது ட்ரென்ட் ஜோன்ஸின் கொள்கை. முதல் பாதியை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், ரொம்பச் சரி. இரண்டாவது பாதி என் விஷயத்தில் எடுபடவில்லை. முதல் நாள் முடிவில் எட்டுப் பேரும் சேர்ந்து தொலைத்த பந்து 41. பழைய பந்து ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போங்கள். புதுப் பந்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிற அளவுக்கு நமக்கு இன்னும் வசதி வரவில்லை.

தங்குவதற்கு இரண்டு ஊரிலும் மைதானத்தை ஒட்டியே மேரியட் ஓட்டல் இருக்கிறது. நாங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் காலைச் சாப்பாட்டோடு கிடைத்த சாதாரண ஓட்டலில், அறைக்கு இரண்டு பேராகத் தங்கினோம். குறட்டை விடுகிறவர்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டதுதான் இந்தப் பயணத்தில் நான் எடுத்த மிகச் சிறந்த நிர்வாக முடிவு.

சனிக்கிழமை காலை அதே வளாகத்தின் ஷார்ட் மைதானம். பதினெட்டும் பார் 3. கட்டணம் பெரிய மைதானங்களைவிட நன்றாகக் குறைவு. சின்னது என்று ஏளனமாக நினைத்துப் போனேன். ஏரிக் காட்சியும் கிரீனின் தரமும் பெரிய மைதானத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. தூரம் அடிக்கிற டிரைவர் மட்டை பையிலேயே இருக்கும், ஐயன் மட்டை இரண்டும் பட்டரும் போதும். ஒவ்வொருவரும் அவரவர் பந்தை ஆடினோம், மூன்று மணி நேரத்தில் முடிந்தது. கார்ட் ஓட்ட மட்டுமே வந்த ஆளுக்கு வாழ்க்கையின் முதல் பார் கிடைத்தது. அந்த ஸ்கோர் கார்டை ஓட்டல் பையில் மடித்து வைத்து வீடு வரை கொண்டுபோனார். கொடுத்த காசுக்கு மூன்று நாளில் கிடைத்த சிறந்த மூன்று மணி நேரம் அதுதான் என்பேன். ட்ரெயில் பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய மைதானங்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஷார்ட்டை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் என் இரண்டாவது முட்டாள்தனம். அன்று மதியமே அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, மான்ட்கோமரிக்குப் பக்கத்தில் பிராட்வில் என்ற ஊரில் இருக்கிற கேப்பிடல் ஹில்லுக்குப் போய், ஒரு மணிக்கு செனட்டர் மைதானத்தில் ஆட்டம் ஆரம்பித்தோம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அங்கே ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். மாலைச் சலுகை விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் சூரிய அஸ்தமன நேரத்தையும் பார்க்க வேண்டும். செனட்டரில் ஏறக்குறைய மரமே கிடையாது. ஸ்காட்லாந்து பாணியில் மணல்மேடு மாதிரித் திட்டுகள், ஏறக்குறைய 160 பங்கர்கள், அதாவது ஆழமான மணற்குழிகள். 2011-இல் 16 வயது லெக்ஸி தாம்ப்சன் பெண்கள் தொழில்முறை கோல்ஃபான எல்பிஜிஏ பட்டம் ஜெயித்தது இங்கேதான். நான் ஒரு பங்கரில் நாலு தடவை அடித்தும் வெளியே வராமல், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். பதினாறாவது குழியில் கைப்பேசி வெளிச்சத்தில் பந்து தேட ஆரம்பித்தோம். அதோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு குழிக் காசு நஷ்டம், தப்பு என்னுடையது.

ஞாயிறு காலை ஜட்ஜ் மைதானம். அதே வளாகத்தில் மற்ற இரண்டைவிடக் கட்டணம் கூடுதல். மூன்று நாளில் ஒரு தடவையாவது தாராளமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். முதல் டீ ஒரு மேட்டின் உச்சி. டீயிலிருந்து கிரீன் வரை போகிற புல்வெளியான ஃபேர்வே 200 அடி கீழே, அதன் ஓரத்தில் அலபாமா ஆற்றின் உப்பங்கழி மாதிரித் தேங்கிய தண்ணீர், அதன் மேல் பனி. மேலிருந்து அடித்தால் பந்து வானத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கிற மாதிரி இருக்கும். அது விழுவதற்குள் நிதானமாக ஒரு "முருகா" சொல்லி முடித்துவிடலாம். எனக்கு முருகன் உதவினான், பந்து ஃபேர்வேயில். இரண்டாவது ஷாட்டில் கைவிட்டான்.

குழந்தை குட்டியோடு போகிறவர்களுக்கும், இப்போதுதான் மட்டை பிடிக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் ஜட்ஜை நான் சொல்ல மாட்டேன். ஓபலைக்காவிலேயே இருந்து, லேக் ஒரு நாள், ஷார்ட் இரண்டு தடவை என்று ஆடியிருந்தால் காசும் மிஞ்சியிருக்கும், இருட்டிலும் தடவியிருக்க வேண்டாம். மைதானக் கட்டணம், அறை, பெட்ரோல் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 500 டாலருக்குள் என்று வரம்பு போட்டிருந்தேன். தாண்டவில்லை. கட்டணம் நாளுக்கும் நேரத்துக்கும் தகுந்து மாறுகிறது, அதனால் என் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அடிக்கடி போகிறவர்களுக்கு ட்ரெயில் கார்டு என்று ஒரு சலுகை அட்டை உண்டு. எத்தனை சுற்று ஆடினால் அட்டைக் காசு தேறும் என்று வாங்குவதற்கு முன்னால் பெருக்கிப் பாருங்கள்.

திரும்பும்போது ஓசியில் வந்த அந்த ஒரு மணி நேரத்தை ஜார்ஜியா எல்லையில் பிடுங்கிக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு வருகிறேன் என்று வீட்டில் சொன்னது ஆறு ஆனது.

அடுத்த வருடம் பர்மிங்ஹாம் பக்கம் ராஸ் பிரிட்ஜ் போகலாம் என்கிறார் அண்ணே. 8,000 கெஜத்துக்கு மேல் நீளம், சாயங்காலம் ஒருவர் பேக்பைப் வாசிப்பாராம். நாங்கள் டீல் டீயில் ஆடினால் அந்த நீளம் பாதிக்காது என்று சொல்லிப் பார்த்தேன், முறைத்தார். குழுவில் வாக்கெடுப்பு வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும், போன பயணத்தின் பாக்கியே இரண்டு பேரிடமிருந்து இன்னும் வரவில்லை.